வயிற்று ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கே தங்குவது? மாதவரம் வீடும் ஈ.சி.ஆர். ஸ்பாவும்

உடல் எடை குறைவதற்காகத் தம்பிக்குச் செய்யவிருந்த வயிற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே எங்கள் வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கே இருப்பது? அவன் வீடு தண்டையார்பேட்டையில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. என் வீடு மாதவரத்தில், தரைத்தளம். இதற்கு நடுவில் அவனோடு வேலை பார்க்கிற ஒருவர் ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் பக்கம் இருக்கும் ஒரு ஸ்பா ரிசார்ட்டின் படங்களை அனுப்பியிருந்தார். "பத்து நாள் அங்கே இருந்துட்டு வா, புது ஆளா திரும்புவே" என்று ஒரு குரல் பதிவு வேறு. தம்பி மனைவிக்குக் கேரளாப் பக்கம் ஒரு வைத்திய விடுதி மேல் நம்பிக்கை. அவளுடைய பெரியம்மா மூட்டு வலிக்கு அங்கே மூன்று வாரம் தங்கி நன்றாகத் திரும்பி வந்திருந்தார்.

தம்பிக்கு ஸ்பாதான் ஆசை. "அக்கா, இருபது வருஷமா இந்த உடம்பைத் தூக்கிச் சுமந்துட்டேன். பத்து நாள் யாரும் என்னைப் பார்க்காத இடத்துல இருக்கணும்" என்றான். அதைக் கேட்டபிறகு சட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து இடங்களுக்குப் போன் செய்தேன். சர்ஜனிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டேன். இரண்டு மாதம் அந்த நோட்டு என் கைப்பையிலேயே இருந்தது. இதே ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற அக்கா, மனைவி, அம்மாவுக்கும் அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்பா பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சும்மா வந்த ஆசை இல்லை. நம் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பன், பிஸ்கெட். "ரெண்டு இட்லியாவது சாப்பிடுப்பா, இப்படி வெறும் வயிறா கிடந்தா எப்படி?" என்பார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த வயிற்றுக்கு அப்போது இட்லி கூடாது. இதைத் தினம் பத்து பேருக்கு விளக்கிச் சொல்ல நோயாளியிடம் தெம்பு இருக்காது. தம்பி வேறு இது என்ன ஆபரேஷன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டானாம்" என்ற பேச்சு அவன் காதுக்கு வரக்கூடாது என்று நாங்களும் நினைத்தோம்.

அப்புறம் காற்று. காற்று திசை மாறுகிற ராத்திரிகளில் மணலி ஆலைகளின் வாடை கொருக்குப்பேட்டை வரை வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் விடிய விடிய நிற்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நல்ல காற்றும் அமைதியும் வேண்டும் என்று ஒருவன் கேட்டால் அது ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆக, போகலாமா என்று கேட்பதைவிட எந்த வாரத்தில் போகலாம் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆயிற்று.

அந்த நாலு வாரம்

தம்பிக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதியை வாழைக்காய் அளவில் ஒரு குழாயாக விட்டு, வெட்டிய ஓரத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடுவார்கள். எடை குறைக்கச் செய்கிற இன்னொரு வகை இரைப்பை பைபாஸ். அதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை இழுத்து அதோடு இணைப்பார்கள். இரண்டுமே சின்னத் துளைகள் வழியே செய்கிற லேப்ராஸ்கோபிதான். வெளியே பார்த்தால் நாலைந்து சின்னத் தழும்பு, இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ். இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் அது சின்ன ஆபரேஷன் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. உள்ளே அந்த நீளத் தையல் ஆறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சர்ஜன் எங்களை உட்காரவைத்து மூன்று விஷயம் சொன்னார். முதலாவது, தையல் வழியே கசிவு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும், சிலருக்குத் தள்ளியும் வரலாம். காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, காலில் ரத்தம் உறைவது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்ட வேண்டும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். இதற்காகத்தான் ஆபரேஷன் அன்றே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். மூன்றாவது, உடம்பில் நீர் வற்றுவது. மூன்றில் மிகச் சாதாரணமாக வருவது இதுதான், நாம் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் ஒரு மடக்கு என்றால் மருந்து மூடி அளவு, 30 மில்லி. அதையும் நிதானமாகச் சப்பிக் குடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மூடி. விழித்திருக்கும் நேரமெல்லாம் கையில் டம்ளர் இருந்தால்தான் ஆகும். நான் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் கோடு குறைவாக இருந்தால் வீட்டில் எல்லோரும் அவனைத் துரத்துவோம்.

பத்தாம் நாள் ராத்திரி அந்தத் தாள் எங்களைக் காப்பாற்றியது. அன்று மதியம் புரோட்டீன் கலந்த பாலைக் கொஞ்சம் வேகமாகக் குடித்திருக்கிறான். வாந்தி. திரும்பக் குடித்தான், திரும்ப வாந்தி. ஒன்பது மணிக்குப் பார்த்தால் தாளில் 14 கோடுதான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றான். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நம்பருக்குப் பேசினோம், கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ரெட்டேரி, பாடி வழியாக அண்ணா நகர் போய்ச் சேர 35 நிமிஷம். டூட்டி டாக்டருக்கு அவன் கேஸ் தெரிந்திருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார். ஏன் என்று கேட்டேன். வாந்தி தொடர்ந்தால் அந்த வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல் ஆகலாம் என்றார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

மாமல்லபுரம் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அந்நேரத்தில் அவ்வளவு தூரம் வர யோசித்து, "காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்திருப்போம். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற ஒரு கிளினிக்கில், அவனுக்கு என்ன ஆபரேஷன் ஆனது என்றே தெரியாதவர் கையால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறியிருக்கும். கேரளா என்றால் சொல்லவே வேண்டாம். அதுவும் ராத்திரி முழுக்கக் காரிலோ ரயிலிலோ உட்கார்ந்து போவது காலில் ரத்தம் உறைய ஏதுவான விஷயம். முதல் மாதத்தில் அப்படிப் போயே தீர வேண்டும் என்றால் மணிக்கொரு தரம் இறங்கி நடக்கவேண்டும் என்கிறார்கள்.

ஸ்பாவில் செய்வதும், ஆறாத வயிறும்

இயற்கை மருத்துவ விடுதிகளையும் ஆயுர்வேத விடுதிகளையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே செய்கிற பல சிகிச்சைகள் ஆபரேஷன் ஆகாத, எடை குறைய வேண்டிய உடம்பை நினைத்து ஏற்பட்டவை. ஆபரேஷன் ஆன உடம்புக்கு அதே சிகிச்சை வேறு மாதிரி வேலை செய்யும்.

ஆவிக்குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லாக இருக்கிறவருக்கு வியர்வை கொட்டினால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து ஈடு கட்டிவிடுவார். 30 மில்லி மூடியில் குடிக்கிறவரால் அது முடியாது. போதாததற்கு, ஆபரேஷன் ஆன முதல் நாட்களிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேகமாக இறங்கும். பழைய அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆவிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் மயங்கி விழுவார். தம்பிக்கு டிஸ்சார்ஜ் அன்றே பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார்கள், சர்க்கரை மாத்திரை ஒன்றை நிறுத்தினார்கள். வீட்டில் தினம் பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

வெந்நீர்த் தொட்டியும் நீச்சல் குளமும் தையல் நன்றாக ஆறும் வரை வேண்டாம். மசாஜில் வயிற்றை அழுத்தக் கூடாது, அது எல்லோருக்கும் தோன்றும். ஆனால் காலை அழுத்திப் பிடித்துவிடுவதும் முதல் வாரங்களில் ஆபத்துதான் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடும். மசாஜ் முடிந்து முதுகு வலிக்கிறது என்று யாராவது கொடுக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரையும் கூடாது. பைபாஸ் ஆனவர்களுக்கு அது இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும்.

என்னை உண்மையில் பயப்படவைத்தது இன்னொன்று. சில இயற்கை மருத்துவ விடுதிகளில் காலையில் உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரை வயிறு நிறையக் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைப்பார்கள். குஞ்சல் என்று பெயர். ஆயுர்வேதப் பஞ்சகர்மாவில் வமனம் என்று வாந்தி சிகிச்சையும் விரேசனம் என்று பேதி சிகிச்சையும் உண்டு. ஸ்டேப்ளர் போட்ட இரைப்பையை வாந்தியால் குலுக்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரு விடுதியில் போனை எடுத்தவரிடம் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், உடம்பு சுத்தமாயிடும்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஸ்லீவ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடும் அப்படித்தான். அவர்கள் பெருமையாகச் சொல்வது ஜூஸ் விரதம், பச்சைக் காய் சாலட், முளைகட்டிய பயறு, தேன் கலந்த எலுமிச்சை நீர். இந்த ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டுவது இன்னும் அதிகமாகும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம் சொச்சம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். பழ ஜூஸில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமே இல்லை, சர்க்கரைதான் இருக்கிறது. பைபாஸ் ஆனவர் தேனும் ஜூஸும் குடித்தால் அது நேராகக் குடலில் இறங்கி, அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். இதற்கு டம்பிங் என்று பெயர். பச்சைக் காயும் முளைப்பயறும் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்னால் நினைக்கவே வேண்டாம்.

நான் பேசிய ஐந்து இடங்களில் ஒன்றில் மட்டும் ஒரு பெண் டாக்டர் லைனுக்கு வந்தார். "ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆகட்டும். சர்ஜன்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. இப்போ வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். நோட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

சரி, வீடு என்றால் எந்த வீடு

சொந்த வீடுதான் சொர்க்கம் என்று நினைத்தோம். தண்டையார்பேட்டை வீட்டை ஒரு தடவை ஆபரேஷன் ஆனவர் கண்ணால் பார்த்ததும் எண்ணம் மாறிவிட்டது. மெதுவாகப் படி ஏறலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் நடைப் பயிற்சிக்குத் தினம் நாலைந்து தடவை மூன்று மாடி ஏறி இறங்க முடியாது. அப்போது அவன் நடக்கவே மாட்டான். தண்ணீர் லாரி வந்தால் கீழிருந்து குடம் தூக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ பக்கம் வரும். ஒரு மாதத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது. மனைவி தனியாகத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு அவன் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. கழிப்பறையும் இந்தியன் மாடல். தையலோடு 128 கிலோ உடம்பைக் குந்தி எழுப்புவது லேசான வேலையா? மழை வேறு தொடங்கியிருந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி வழியாக அந்தப் பக்கம் போகவே சுற்ற வேண்டும்.

என் வீட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. வெஸ்டர்ன் கழிப்பறை, வாசலைத் தாண்டினால் நடக்கிற இடம், காலையில் பால் பண்ணைப் பக்கத்துச் சாலைகளில் மர நிழல். குறையும் உண்டு. என் பிள்ளைகள் இருவருக்கும் மீன் குழம்பு இல்லாமல் ஞாயிறு கழியாது. அந்த வாசனை இவனைப் படுத்தியது. வயிற்றில் பசி இல்லை, தலைக்குள்ளே பசிக்கிறது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதே விட்டான். ஸ்பாவுக்குப் போயிருந்தால் இந்த வாசனை இருந்திருக்காது. இந்த ஒரு விஷயத்தில் அந்த இடம்தான் மேல் என்று அன்று எனக்கே தோன்றியது.

ஆனால் அடுத்த வாரம் வேறொன்று நடந்தது. மூன்றாம் வாரம் குழைத்த உணவு தொடங்கலாம் என்று டயட்டீஷியன் சொன்னதும், அம்மா காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கி வந்தார். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி, காரம் இல்லாமல் பூண்டு மட்டும் சேர்த்துப் புட்டாக்கி, அதை ரசத் தெளிவில் இன்னும் மசித்தார். இரண்டு மேஜைக்கரண்டி. அதைச் சாப்பிட அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி வேண்டும் என்பதால் டம்ளரை நானே எடுத்து வைத்துவிட்டேன். அன்று முதல் அவனுக்கு நம்பிக்கை வந்தது. இனி வாழ்நாள் முழுக்கச் சாப்பிடப் போவது இந்தச் சமையலைத்தான். பாசிப்பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கோழி சூப், மோர், அவித்த முட்டையை மசித்தது, சங்கரா மீனை ஆவியில் வேகவைத்தது என்று ஒவ்வொன்றையும் எந்த வாரம், எவ்வளவு என்று நம் அடுப்பிலேயே பழகியது பெரிய உதவி. விடுதிச் சாப்பாட்டில் பழகியிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு அதையெல்லாம் புதிதாகத் தொடங்கியிருப்போம்.

எல்லோருக்கும் தரைத்தள அக்கா வீடு கிடைக்காது. தனியாக இருக்கிறவர்கள், வெளியூரிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சமையலறையோடு இருக்கிற சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இரண்டு வாரத்துக்கு எடுப்பது நல்லது. மிக்ஸி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், நர்ஸ் வைத்தாலும் பரவாயில்லை. ராத்திரி யார் இருப்பார் என்பதற்குப் பதில் இல்லாத எந்த இடமும், அது சொந்த வீடே ஆனாலும், முதல் இரண்டு வாரத்துக்கு ஆகாது. ஊருக்குள்ளேயே, இரவிலும் டாக்டர் இருக்கிற ஓய்வு மையம் ஏதாவது கிடைத்து, உங்கள் சர்ஜனும் சம்மதித்தால் அதுவும் சரிதான்.

பணக் கணக்கு

எங்களுக்கு ஈ.சி.ஆரில் சொன்ன விலை, இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 9,000 ரூபாய். சிகிச்சைகள் தனி. "இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று அங்கே ஒருவர் சொன்னார். அதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகள், அதாவது பணம் கிடைக்காத செலவுகளின் பட்டியல், இருக்கின்றன. அதில் 5-ஆம் எண் விலக்கு ஓய்வுக்காகவும் மறுவாழ்வுப் பராமரிப்புக்காகவும் தங்குவதைத் தள்ளிவிடுகிறது. 13-ஆம் எண் விலக்கில் இயற்கை மருத்துவ விடுதி, ஸ்பா என்று பெயர் சொல்லியே இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குகிற சத்து மாவும் வைட்டமினும் 14-ஆம் எண்ணில் போய்விடும். ஆபரேஷனே 6-ஆம் எண்ணில் நிபந்தனையோடுதான் வருகிறது: உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் மாதிரி ஒன்று கூடவே இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய பரிசோதனையும் மருந்தும் உங்கள் பாலிசியில் எத்தனை நாளுக்கு உண்டு என்று பாருங்கள். பலதில் 60 நாள். அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், காசு திரும்புவது அதில்தான். ஸ்பாவுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியில் நாங்கள் நல்ல புரோட்டீன் பவுடரும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வாங்கினோம், வீட்டு வேலைக்கு ஒரு மாதம் ஆள் வைத்தோம்.

நாலாம் மாதம்

அவன் ஆசையை நான் மறக்கவில்லை. ஐந்தாம் வாரம் தண்டையார்பேட்டைக்குத் திரும்பினான், ஏழாம் வாரம் வேலைக்குப் போனான். மூன்றாம் மாத ரிவ்யூவில் ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. சர்ஜன் லெட்டர் கொடுத்தார். கணவனும் மனைவியும் அந்த இரண்டு கோடு போட்ட இடத்துக்கு நாலு ராத்திரி போய் வந்தார்கள்.

அப்போது அது அருமையாக அமைந்தது. 128 கிலோ 101 ஆகியிருந்தது. முதல் முறையாகக் கடற்கரையில் சட்டை இல்லாமல் நடந்தானாம். யோகா டீச்சர் மூச்சுப் பயிற்சியும் நிதானமாக மென்று சாப்பிடுவதும் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாய்க்கு இருபது, முப்பது தடவை மெல்ல வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது அலுத்துக்கொண்டவன், அங்கே அமைதியான சாப்பாட்டு அறையில் அதைத் தானாகவே பழகினான். முடி கொட்டிக்கொண்டிருந்தது, தோல் தொய்ந்திருந்தது, "உடம்பு சரியில்லையா?" என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி இல்லாத நாலு நாள் அவனுக்குத் தேவைப்பட்டது. ஆபரேஷன் முடிந்த கையோடு போயிருந்தால் இதில் எதையும் அனுபவித்திருக்க மாட்டான், அறையில் படுத்து மூடி எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

நாலு நாள் வெளியே தங்க வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்ஜன் சம்மதித்த பிறகு அங்கே வெளி நோயாளியாகப் போய்வரலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் பச்சைப் பாதைக்கு மாறினால் அரும்பாக்கத்திலேயே இறங்கலாம். என்ன ஆபரேஷன் என்று முதல் நாளே தாளைக் காட்டிவிடுங்கள். வாந்தி, பேதி, விரதம் இந்த மூன்றும் வேண்டாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விடுதிக்குப் போவதானால், பதிவு செய்யும் முன் நான் கேட்டவை இவை. டாக்டர் அங்கேயே தங்குகிறாரா, பகலில் மட்டும் வந்து போகிறாரா? ஸ்லீவ், பைபாஸ் ஆனவர்கள் இதற்கு முன் வந்திருக்கிறார்களா? முட்டையோ மீனோ பனீரோ கொடுப்பீர்களா, இல்லையென்றால் நாங்கள் புரோட்டீன் பவுடர் கொண்டுவரலாமா? ஒரு நாளைக்கு ஆறு தடவை சின்னச் சின்னதாகச் சாப்பாடு தர முடியுமா? சமையலறைக்குப் போய் யார் சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் அந்த இடம் வேண்டாம், ஏனென்றால் டாக்டர் சம்மதித்தும் தட்டில் சாலட்தான் வந்து நிற்கும்.

எடுத்துப்போகிற பையில் டிஸ்சார்ஜ் தாளின் நகல், சர்ஜன் நம்பர், மாத்திரை டப்பா. கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். விடுதி நேர அட்டவணையில் இது மறந்துபோகும், அதனால் தம்பி மனைவி போனில் அலாரம் வைத்துவிட்டாள். ஆவிக்குளியலுக்குச் சர்ஜன் சில நிமிஷம் மட்டும் அனுமதி கொடுத்திருந்தார், முன்னும் பின்னும் தண்ணீர் குடித்துவிட்டு. தம்பி ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, போதும் என்று வெளியே வந்துவிட்டான்.

முன்பணம் கட்டும்போது, தேதி மாறினால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். ரிவ்யூ தேதிக்கு ஒரு வாரம் கழித்து அறை போடுங்கள். ரிப்போர்ட்டில் இரும்போ பி12-ஓ குறைந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்யச் சொல்வார்கள், அப்போது பயணத்தைத் தள்ளிப்போட இடம் இருக்க வேண்டும்.